மலைக்குக் கறி வரவழைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை ஆகிய ஊர்களில் குடியிருப்பவர்கள், கறியை வெளியூரிலிருந்து பார்சலில் வரவழைக்க நினைக்கும்போது என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் வீடு குன்னூரில் இருக்கிறது. பார்சலில் வந்த கறியைச் சமைத்தும், கெட்டுப்போனதைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தும் கற்றுக்கொண்டவை இதில் பாதி.

தபாலில் கறி வாங்குவது இணையம் வந்த பிறகு தோன்றிய வழக்கமா?

இல்லை. உப்புக்கண்டமும் கருவாடும் தபாலிலும் ரயில் பார்சலிலும் பஸ்ஸிலும் நெடுங்காலமாகப் பயணம் செய்து வந்திருக்கின்றன. உப்புக்கண்டத்துக்கு எலும்பு நீக்கிய ஆட்டுக்கறியைக் கொழுப்பு இல்லாமல் வார்வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய் விழுதும் பூசி, ஊசி நூலில் மாலைபோலக் கோத்து, காக்கைக்கு எட்டாத கொடியில் துணி மூடிக் காயவிடுவார்கள். ஒடித்தால் சுள்ளிபோல ஒடியும் வரை, நாள்கணக்கில் வெயில் காட்ட வேண்டும். ஒரு கிலோ கறி காய்ந்தபின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

என் சிறுவயதில் தாராபுரத்திலிருந்து சித்தி ஆண்டுக்கு ஒருமுறை உப்புக்கண்டம் அனுப்புவார். பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் அடைத்து, டப்பாவைக் காடாத்துணியில் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கித் தைத்து, தையல் முடிச்சின்மேல் அரக்கு வைத்து அனுப்பிய பார்சல் அது. முகவரியை மையில் எழுதியிருப்பார். மழையில் நனைந்து எழுத்துகள் ஊறியிருக்கும். ஓர் ஐப்பசியில் டப்பாவைத் திறந்தவர்கள் மூடியைச் சரியாகத் திருகாமல் சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டோம். நான்காம் நாள் பார்த்தால் கண்டத்தின்மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். செய்தியைக் கடிதத்தில் எழுதியதற்கு, "கண்ணு, உங்கூர்ல வெயிலே கெடையாதாமா? அடுப்புக்கு மேல கட்டித் தொங்க உடச் சொல்லு உங்கம்மாவ" என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து விறகடுப்புக்கு மேலிருந்த பரண் கம்பில்தான் அது தொங்கியது. புகை வாசம் ஏறிய அந்தக் கண்டத்தின் ருசி, தாராபுரத்தில் சித்தி வீட்டிலேயே சாப்பிட்டபோதுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

காய்ந்த கறி கெடாமல் இருப்பதற்கும் பச்சைக் கறி கெடுவதற்கும் அடிப்படைக் காரணம் என்ன?

தண்ணீர்தான். கொழுப்பில்லாத பச்சைக் கறியில் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வெயில் அதில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பதை உப்பு பிடித்துக்கொள்கிறது. நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய ஈரத்தை உணவியலார் 0 முதல் 1 வரையான ஓர் அளவையில் குறிக்கிறார்கள். பச்சைக் கறி அதில் 0.99 அளவில் நிற்கும். 0.85-க்குக் கீழே இறக்கிவிட்டால் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. ஆனால் பூசணம் அதற்கும் கீழே வளரும் என்பதையும், மலைக்காற்றின் ஈரத்தைக் காய்ந்த கறி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் எங்கள் ஜன்னலோர டப்பா காட்டிக்கொடுத்தது.

பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் செய்யப்படுவதும், அதனாலேயே ஊர் ஊராகப் போகும் அளவுக்குத் தாங்குவதும் இதே தத்துவத்தால்தான். பிரசாதத்தைக் கறியோடு சேர்த்துப் பேசுவதைப் பக்தர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு இறைச்சி எப்படி வந்தது?

பெரும்பாலும் நான்கு காலில் நடந்து வந்தது. ஆட்டை உயிரோடு மலையேற்றி, மேலே அறுத்துக்கொள்வதுதான் குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அறிவுள்ள வழி. சிறிய ஊர்களில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் சில சேர்ந்து மந்தையொன்றைப் பொதுவில் வளர்த்து, ஓர் ஆட்டை அறுக்கும்போது இந்த வாரம் தொடை உனக்கு, முன்னங்கால் எனக்கு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. அதற்கு 'மட்டன் கிளப்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்களில் தீபாவளிக்கு முன்பே பெயர் எழுதிக்கொண்டு, ஆட்டை அறுத்துக் கூறு போட்டுக் கொடுக்கிறார்களே, அதற்குக் கிளப் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

பன்றித்தொடை, நாக்கு, உப்பிட்ட மாட்டிறைச்சி போன்றவை தகரடப்பாவில் வந்தன. லண்டனில் 1871-இல் தொடங்கப்பட்ட ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம் தலையணை தடிமனில் விலைப்பட்டியல் அச்சிட்டு, இந்தியாவில் இருந்த அதிகாரிகளுக்குக் கப்பலில் பொருள் அனுப்பியது. 1891-இல் பம்பாயிலும் 1901-இல் கல்கத்தாவிலும் கிளைகள் திறந்தது. சென்னையில் 1863-இல் தோன்றிய ஸ்பென்சர் நிறுவனமும் இத்தகைய சரக்குகளை விற்றது. பணம் அனுப்பும் சிக்கலுக்கு 1877-இல் அஞ்சல்துறை கொண்டுவந்த வி.பி.பி. தீர்வாயிற்று. பார்சலைக் கொடுக்கும்போது தபால்காரர் பணத்தை வாங்கி விற்றவருக்கு அனுப்புவார். இன்றைய 'கேஷ் ஆன் டெலிவரி'க்குப் பாட்டன் அது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். உதகைக்கு அது நீண்டது 1908-இல். அதற்கு முன் எல்லாப் பொருளும் மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும்தான் மலையேறின. கடிதங்களை ஓட்டக்காரர்கள் சுமந்தார்கள். 1905-இல் நீலகிரியில் வெண்ணெய்க் கடையாகத் தொடங்கி, பின்னர் பெங்களூரில் பெரிய அங்காடியாக வளர்ந்த நீல்கிரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர், கோயம்புத்தூருக்கும் மலைக்கும் இடையே தபால் சுமந்து ஓடியவர் என்பது இந்த மலையின் தபாலுக்கும் தின்பண்டத்துக்கும் உள்ள உறவுக்கு நல்ல சான்று.

மற்ற நாடுகளில் தபால்வழிக் கறி எப்படி வளர்ந்தது?

பிரிட்டனில் பார்சல் தபால் 1883 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கியது. அமெரிக்காவில் அது மிகத் தாமதமாக, 1913 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது. தொடக்கத்தில் 11 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5 கிலோதான் வரம்பு. அடுத்த ஆண்டே அண்மைத் தொலைவுகளுக்கு 50 பவுண்டு வரை உயர்த்தினார்கள். பண்ணையிலிருந்து முட்டை, வெண்ணெய், கோழி ஆகியவற்றை நகரத்து வீடுகளுக்கு நேரே அனுப்ப அஞ்சல்துறையே விளம்பரம் செய்தது. அங்கேயும் நெடுந்தொலைவுக்குத் தயக்கமின்றிப் போனது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித்தொடைதான். வர்ஜீனியாவின் அந்தப் பன்றித்தொடையும் தாராபுரத்து உப்புக்கண்டமும் ஒரே பாடத்தை இரண்டு மொழியில் படித்தவை.

பச்சைக் கறியை அனுப்ப உலர் பனிக்கட்டி, அதாவது டிரை ஐஸ், தேவைப்பட்டது. ஒமாஹா நகரத்தில் 1917-இல் கறிக்கடையாகத் தொடங்கிய ஒமாஹா ஸ்டேக்ஸ் நிறுவனம் 1952-இல் தபால்வழி விற்பனையில் இறங்கியபோது, மெழுகு பூசிய அட்டைப்பெட்டியில் டிரை ஐஸ் வைத்து ரயிலில் அனுப்பியது. 1960களில் தெர்மாகோல் பெட்டியும் காற்றை உறிஞ்சி ஒட்டவைத்த வேக்யூம் பையும் வந்த பிறகுதான் தொழில் பெருகியது.

குளிரைப் பயணம் அனுப்புவது இதைவிடப் பழைய கதை. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதக் கடல்வழியில் 1833-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார் பிரெடரிக் டூடர். சென்னைக் கடற்கரையில் அவர் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். 1882-இல் டனீடின் என்ற கப்பல், குளிரூட்டும் எந்திரத்தோடு ஏறக்குறைய 5,000 ஆட்டுடல்களை ஏற்றிக்கொண்டு நியூசிலாந்திலிருந்து 98 நாளில் லண்டன் சேர்ந்தது. அன்று மரத்தூள் செய்த வேலையைத்தான் இன்று தெர்மாகோல் செய்கிறது. அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே வைத்த குளிர் தீரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் பெட்டி பார்க்கத் தடிமனாக இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் வழியில் இருந்தது என்று கேட்கத் தொடங்குவார்கள்.

தபால் நிலையத்தில் பச்சைக் கறியை ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டம், மற்ற தபால்களுக்கோ ஊழியருக்கோ கேடு செய்யக்கூடிய, அசுத்தமான, தீங்கான பொருள்களைத் தடுத்தது. கசியும் கறிப்பொட்டலம் அதற்குள் அடங்கும். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டது என்றாலும், கசிவதையும் அழுகுவதையும் கடிதப் பையோடு சேர்த்துக் கட்ட எந்த அஞ்சலகமும் முன்வராது. நன்கு காய்ந்து, மணம் வெளியே வராமல் டப்பாவில் அடைத்த உப்புக்கண்டத்தின் கதை வேறு. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள் தேனீ, பட்டுப்புழு, அட்டை ஆகிய உயிர்களைத் தபாலில் அனுப்ப இடம் தருகின்றன என்பதைக் கோடநாட்டுக்காரர் ஒருவரிடம் சொன்னபோது, அட்டையை இங்கே யாரும் பணம் கொடுத்து வரவழைக்க வேண்டியதில்லை என்றார்.

இன்று இணையத்தில் கறி விற்கும் நிறுவனங்கள் மலைக்கு அனுப்புகின்றனவா?

பெங்களூரில் 2015-இல் தொடங்கிய லிஷியஸ், அதே ஆண்டின் ஃப்ரெஷ் டு ஹோம், சென்னையில் தோன்றிய டெண்டர்கட்ஸ் போன்றவை நகரத்துக்குள் குளிர்க்கிடங்கு வைத்து, அங்கிருந்து ஓரிரு மணி நேரத்தில் வீட்டுக்குக் கொடுக்கும் முறையில் வளர்ந்தவை. தொலைவுக்கு அஞ்சலில் அனுப்புவது அவற்றின் அடிப்படை வேலை அல்ல. ஆகவே 643-இல் தொடங்கும் நம் பின்கோடை முதலில் இட்டுப் பாருங்கள்; கூடையை நிரப்பிவிட்டுக் கடைசியில் பின்கோடை இட்டு ஏமாறுவது வீண் வேலை. மலைக்கு அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் ஃப்ரோசன் கறியையும், பேக்கன், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியையும் விற்கும் சிறு வணிகர்கள்தான். பதப்படுத்திய இறைச்சியில் பழைய பெயர்களும் உண்டு. கேரள அரசின் மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கூத்தாட்டுக்குளத்தில் 1973-இலிருந்து இயங்கி வருகிறது.

ஊட்டியே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கிறதே, இங்கே கறி வருவதில் என்ன சிக்கல்?

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பல கிலோ கறி வீணாவதற்குக் காரணமான நம்பிக்கையும் இதுதான்.

ஊட்டிக் குளிர் வேறு, ஃபிரிட்ஜ் குளிர் வேறு. பச்சைக் கறி 0 முதல் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரோசன் கறி மைனஸ் 18-இல் இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது முழுவதும் நுண்ணுயிர் பெருகும் எல்லை. உதகையில் மே மாதப் பகல் 22, 23 டிகிரியைத் தொடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கும் நமக்குச் சில்லென்று இருக்கும் 15 டிகிரி, பெட்டிக்குள் இருக்கும் ஈரலுக்குக் கோடைக்காலம். ஜனவரி உறைபனி இரவில் புல்வெளி வெளுத்துக் கிடக்கலாம். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அந்தக் கணக்கு மாறிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடிவாரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து உதகை ஏறக்குறைய 86 கிலோமீட்டர். வண்டி நிற்காமல் வந்தால் மூன்று மணி நேரம். ஆனால் பார்சல் நிற்காமல் வருவதில்லை. மேட்டுப்பாளையத்தில் இறக்கி, மலைவண்டியில் மாற்றி ஏற்றும்வரை தகரக்கூரையின் கீழ் காத்திருக்கும். ஏப்ரலில் அங்கே 37, 38 டிகிரி சாதாரணம். பெங்களூரிலிருந்து மைசூர் வழியாக வரும் சரக்குக்கு வேறொரு தடை உண்டு. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். மாலையில் கிளம்பிய வண்டி குண்டல்பேட்டையிலேயே விடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பர்லியாறுக்கும் காட்டேரிக்கும் இடையில் மண் சரிந்தாலோ, மரம் விழுந்தாலோ, கோத்தகிரி வழியாகச் சுற்றும் வரிசையில் நம் கறியும் நிற்கும்.

நானே அனுபவப்பட்டிருக்கிறேன். ஒரு சித்திரையில், வெள்ளிக்கிழமை மாலை கிளம்பிய இரண்டு கிலோ நெஞ்சுக்கறி, சனி ஞாயிறு இரண்டு நாளும் அடிவாரக் கூரியர் கிடங்கில் கிடந்து திங்கள் மதியம் வந்தது. பெட்டியைத் தொட்டபோது குன்னூர்க் காற்றில் அது குளிர்ந்தே இருந்ததால் நல்ல கறி என்று எண்ணிவிட்டேன். குளிருக்காக உறையவைத்துக் கறியோடு அனுப்பும் ஜெல் பேக்கை எடுத்துப் பார்த்தால் உள்ளே கஞ்சிபோலத் தளதளவென்று ஆடியது; பைக்குள் சேர்ந்திருந்த இரத்தநீர் பழுப்பு நிறமாகிவிட்டிருந்தது. மேலே வந்தபின் திரும்பக் குளிர்ந்தது, கீழே நடந்ததை மறைத்துவிட்டது. ஆகவே மலைக்கு வந்த பெட்டியின் குளிர்ச்சியை நம்பாதீர்கள். ஜெல் பேக் கல்லாக உறைந்திருக்கிறதா, கறியின் நடுப்பகுதி கட்டியாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

அப்படியானால் எந்த நாளில் ஆர்டர் செய்வது நல்லது?

ஞாயிறு குழம்புக்கு வெள்ளிக்கிழமை ஆர்டர் செய்யாதீர்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் அவர்கள் அனுப்பும்படி சொல்லி, மறுநாள் வாங்கி, ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வாரத்திலும், மே மாதம் மலர்க்கண்காட்சி நடக்கும் நாள்களிலும் பர்லியாறிலிருந்தே வண்டிகள் ஊர்ந்து வரும் என்பதால் அந்த நாள்களை விட்டுவிடுங்கள்.

டிரை ஐஸ் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? அதைக் கையாள்வதில் ஆபத்து உண்டா?

டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78.5 டிகிரியில், உருகாமல் நேரே ஆவியாகும். சாதாரணப் பெட்டியில் ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிலோ வரை தீர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு நாள் வழிக்கு அரைக்கிலோ வைத்திருக்கிறோம் என்று விற்பவர் சொன்னால் அதை நம்ப வேண்டாம். வெறுங்கையால் தொட்டால் தீக்காயம்போலத் தோல் வெந்துவிடும். மிச்சம் இருப்பதைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் டப்பா வெடிக்கும். மலை வீடுகளில் குளிருக்கு ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம் என்பதால், பெட்டியைப் படுக்கையறைக்குள் வைக்காமல் வெளித்திண்ணையில் திறப்பது நல்லது.

மலைக்கு வந்ததும் பொட்டலம் பலூன்போல உப்பியிருக்கிறது. கெட்டுவிட்டதா?

பொட்டலத்தின் வகையைப் பார்க்க வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கீழே காற்றோடு சேர்த்து ஒட்டிய எந்தப் பையும் மேலே வரும்போது விரியும். பஸ்ஸில் கல்லார் தாண்டியதும் குழந்தைகளின் சிப்ஸ் பாக்கெட் விம்முவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே காற்றடைத்த தட்டுப் பொட்டலம் உப்பியிருப்பதை மட்டும் வைத்துக் கறியைக் குறை சொல்ல முடியாது. வேக்யூம் பையோ காற்றே இல்லாமல் ஒட்டப்பட்டது. அது எந்த உயரத்திலும் கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும். அது உப்பியிருந்தால் உள்ளே நுண்ணுயிர் வாயு உண்டாக்கியிருக்கிறது, அல்லது ஒட்டு விட்டிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் எறிந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் சில கிருமிகள் நாற்றம் காட்டுவதில்லை.

உறைந்த கறியை இளக்கும் முறை என்ன? வேக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், கசிவைத் தாங்கும் தட்டின்மேல் வைத்துவிடுங்கள். குளிர்தானே என்று மேடைமேல் இரவு முழுவதும் வைப்பது இங்கே சகஜம். ஆனால் அது தவறு. இளகிய கறியைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் எவ்வளவு தீ வைத்தாலும் குழம்பு அதற்குமேல் சூடேறாது. கோவையில் முக்கால் மணி நேரத்தில் வெந்த அதே ஆட்டுக்கறி இங்கே ரப்பராக இருப்பதற்கு, அனுப்பியவர் கிழட்டு ஆட்டை அனுப்பினார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். குக்கரில் வைத்து, கீழே வைக்கும் விசிலைவிட இரண்டு மூன்று கூடுதலாக விடுங்கள்.

'நீலகிரி ஆட்டுக்கறி' என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?

நீலகிரிச் செம்மறி என்பது மென்மையான கம்பளிக்காகப் பெயர்பெற்ற இனம். எண்ணிக்கையில் குறைந்துபோன அதைக் காப்பாற்றச் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலையில் விற்கும் ஆட்டுக்கறியில் பெரும்பகுதி சமவெளியிலிருந்து ஏறிவந்த ஆடுகளுடையது. ஆகவே அந்தப் பெயருக்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளாடா செம்மறியா என்று கேளுங்கள். 'மட்டன்' என்ற சொல்லுக்குள் இரண்டும் ஒளிந்துகொள்ளும். வெள்ளாடு வேண்டும், தொடையும் நெஞ்சும் கலந்து, எலும்போடு, சுவரொட்டி (மண்ணீரல்) தனியாக என்று தெளிவாக எழுதுங்கள். எடை சுத்தம் செய்வதற்கு முன்னா பின்னா என்பதையும் கேட்டுவிடுங்கள். கோழியில் அந்த வித்தியாசம் கிலோவுக்குக் கால்பங்குக்கு மேலேயே போகும்.

காட்டுக்கறி கிடைக்கும் என்று யாராவது சொன்னால்?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வாங்குபவரும் மாட்டுவார்.

விற்பவர் நம்பத்தக்கவரா என்று எப்படிச் சோதிப்பது?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் விற்கும் வீட்டுத் தயாரிப்பாளருக்கும் பதிவு கட்டாயம். அசைவக் குறியான பழுப்பு முக்கோணம், பொதிந்த தேதி, காலாவதித் தேதி, வைக்க வேண்டிய வெப்பநிலை ஆகியவற்றையும் பாருங்கள். இணையவழி உணவு விற்பனைக்கு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்படி, கையில் கிடைக்கும்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு முன் 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும். ஹலால் சான்று தருவது தனி அமைப்புகள். தேவைப்படுபவர்கள் எந்த அமைப்பின் சான்று என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெட்டு வந்தால், பெட்டியைத் திறக்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்து, ஜெல் பேக்கின் நிலையையும் சேர்த்துப் பதிவு செய்து, அன்றே எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. என் நெஞ்சுக்கறிக்குப் பணம் திரும்ப வந்தது படத்தால்தான். வாய்ச்சொல்லுக்கு அவர்கள் மசியவில்லை.

கூரியருக்குப் பதில் பஸ்ஸில் கொடுத்தனுப்பலாமா?

கோவையில் உறவினர் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. காலை முதல் பஸ்ஸில் ஏற்றி, வண்டி எண்ணைச் சொன்னால் நீங்கள் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்ளலாம். பெட்டி கைமாறுவது இரண்டே இரண்டு முறை. கசிந்தால் நடத்துநர் அடுத்தமுறை வாங்க மாட்டார் என்பதால் இரட்டைப் பையில் கட்டச் சொல்லுங்கள்.

கொடைக்கானலுக்கும் இதே விதிகளா?

அதே விதிகள்தான், மேட்டுப்பாளையம் இருக்கும் இடத்தில் வத்தலக்குண்டை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மலைரயிலும் கிடையாது. கொடை ரோடு என்று பெயர் பெற்ற ரயில்நிலையம் அடிவாரத்துக்கும் அப்பால், வெயிலில் நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு உப்புக்கண்டம் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும் இந்தியாவிலிருந்து தனிநபர் பார்சலில் வரும் இறைச்சியை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கால்நடை நோய்த் தடுப்பு விதிகள் கடுமையானவை; பார்சல் பிரிக்கப்பட்டு அழிக்கப்படும். எங்கள் தெருவில் ஓர் அம்மா மகனுக்கு அனுப்பியது ஊறுகாய் என்ற பெயரில் போய், அங்கிருந்து எச்சரிக்கைக் கடிதமாகத் திரும்பியது. செய்முறையை எழுதி அனுப்பினால் அவனே காயவைத்துக்கொள்வான். அவன் இருக்கும் ஊரில் வெயில் இருந்தால்.

தெர்மாகோல் பெட்டிகளை என்ன செய்வது?

பிளாஸ்டிக் தடையில் நீலகிரி மற்ற மாவட்டங்களுக்கு முன்னோடி என்பதால், குப்பைவண்டியில் போட்டால் முறைத்துப் பார்ப்பார்கள். விற்பவர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று ஆர்டர் செய்யும்போதே கேளுங்கள். எங்கள் வீட்டில் சேர்ந்த நான்கில், இரண்டில் கொத்தமல்லி வளர்கிறது; ஒன்றில் தோசைமாவுப் பாத்திரத்தை வைத்து மூடினால் டிசம்பர்க் குளிரிலும் விடிவதற்குள் மாவு பொங்கிவிடுகிறது. நான்காவதை எங்கள் கறிக்கடை பாய் மீன் வைத்துக்கொள்ளக் கேட்டார். வெளியூரில் கறி வாங்கிய குற்றத்துக்கு அபராதமாக இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.